அண்டைப் பகுதிக் காவல்துறைகளின் அதிரடி அணிகள் ஒன்றாகச் செயல்படுவது எப்படி?

காவல்துறையின் அன்றாடப் பணிகளில் பெரும்பாலானவற்றை ரோந்து செல்லும் ஓரிரு காவலர்களே கையாண்டுவிட முடியும். ஆனால் ஆயுதம் வைத்திருக்கும் ஒருவர் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பவர்களைப் பணயமாகப் பிடித்து வைத்திருந்தாலோ, மக்கள் கூடியிருக்கும் இடத்தில் ஒருவர் கண்ணில் படுபவர்களையெல்லாம் சுடத் தொடங்கினாலோ, ஏற்கெனவே கொலை செய்துவிட்டுத் தப்பியவர் துப்பாக்கியோடு பதுங்கியிருந்தாலோ, சாதாரணப் பயிற்சியும் கருவிகளும் போதுவதில்லை. இவற்றை உயர் அபாயச் சூழல்கள் என்கிறோம். இவற்றுக்கென்றே தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளிக்கப்பட்ட காவலர் குழுக்கள் பல நாடுகளில் இருக்கின்றன. அமெரிக்காவில் அவற்றை ஸ்வாட் என்கிறார்கள். ஜெர்மனியின் மாநிலங்களில் எஸ்இகே என்கிறார்கள். இந்தியாவில் கமாண்டோ படை, சிறப்பு அதிரடிப்படை என்று பல பெயர்கள் உண்டு. இந்தக் கட்டுரை முழுவதிலும் அவற்றை அதிரடி அணிகள் என்றே குறிப்பிடுகிறேன்.

ஒரு பகுதியின் அதிரடி அணி, பக்கத்துப் பகுதியின் அணியோடு சேர்ந்து இத்தகைய சூழலை எதிர்கொள்வதற்காக முன்கூட்டியே செய்துகொள்ளும் ஏற்பாடுகளைத்தான் பிராந்திய ஒத்துழைப்பு என்கிறோம். 'பகுதி' என்பது இங்கே ஒரு நகரமாக இருக்கலாம், ஒரு மாவட்டமாக இருக்கலாம், ஒரு நாடாகவும் இருக்கலாம். இந்த ஒத்துழைப்பைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்படுகிறவர்கள், ஆபத்து நேரும்போது அதிகம் பேர் வந்து சேர்வதே அதன் பயன் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. உண்மையில் வந்து சேர்கிறவர்களின் எண்ணிக்கை இரண்டாவது கேள்விதான். அவர்களுக்கு யார் கட்டளையிடுவது, எந்தச் சட்டத்தின் கீழ் அவர்கள் செயல்படுவது, எந்த அலைவரிசையில் பேசிக்கொள்வது என்பவை சம்பவம் நடப்பதற்கு முன்பே முடிவாகியிருக்கின்றனவா என்பதே முதல் கேள்வி.

ஒரே ஊரின் அணி ஏன் போதாது?

ஓர் அதிரடி அணி என்றதும் கவசமும் தலைக்கவசமும் அணிந்து கதவை உடைத்து நுழைகிறவர்கள்தாம் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் அணியின் ஒரு பாகம் மட்டுமே. தொலைவில் இருந்து கட்டடத்தைக் கண்காணித்துக் குறிபார்ப்பவர்கள், பூட்டிய கதவையும் கம்பிவேலியையும் திறக்கத் தெரிந்தவர்கள், குண்டடிபட்டவருக்கு அங்கேயே முதலுதவி செய்யும் மருத்துவ உதவியாளர்கள், உள்ளே இருப்பவரோடு தொலைபேசியில் பேசிப் பேசி மனம் மாற்ற முயலும் பேச்சாளர்கள், இத்தனை பேரின் வேலையையும் ஒன்றிணைக்கும் கட்டளை அதிகாரி என்று பலர் தேவைப்படுகிறார்கள். பணயக் கைதிகளை வைத்திருப்பவரோடு நடக்கும் பேச்சுவார்த்தை சில வேளைகளில் ஒரு நாள் முழுவதும் நீளும். அத்தனை நேரமும் ஒரே ஆட்கள் விரலை விசையருகே வைத்துக்கொண்டு விழிப்போடு இருக்க முடியாது. சோர்ந்த கண்கள் தவறாகப் பார்க்கும், சோர்ந்த மனம் அவசரமாக முடிவெடுக்கும். ஆகவே முதல் அணியை விடுவிக்க இரண்டாவது அணி வேண்டும். இந்த இரண்டாவது அணியைத் தன் சொந்தச் செலவில் வைத்திருக்கக்கூடிய காவல்துறைகள் உலகில் மிகச் சிலவே.

அமெரிக்காவில் ஏறக்குறைய 18,000 தனித்தனிக் காவல் அமைப்புகள் இருக்கின்றன. உள்ளூர்க் காவல்துறைகளில் ஏறத்தாழப் பாதியில், முழுநேரக் காவலர்கள் பத்துப் பேர்கூட இல்லை. அப்படிப்பட்ட ஊர் ஒன்று தனக்கென ஓர் அதிரடி அணியை அமைக்க நினைப்பது வீண் முயற்சி மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட என்பேன். மாதத்தில் பல நாட்களைப் பயிற்சிக்கென்று ஒதுக்க முடியாத அணி, பெயரளவில் மட்டும் அணியாக இருக்கும். கருவிகள் இருக்கும், அவற்றைப் பயன்படுத்தும் தேர்ச்சியும் எப்போது பயன்படுத்தக்கூடாது என்ற தெளிவும் இருக்காது. அதனால் சிறு ஊர்கள் பல சேர்ந்து ஆளுக்கு ஓரிருவரை அனுப்பி ஒரே கூட்டு அணியை உருவாக்குகின்றன. நடு அளவிலான நகரங்கள் தத்தம் அணிகளைத் தனியே வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது ஒன்றையொன்று அழைத்துக்கொள்வதாக ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. பெரிய நாடுகளில் மூன்றாவது வழியும் உண்டு: மத்திய அரசு ஒரு தேசிய அணியை வைத்துக்கொண்டு அதை வேண்டிய இடத்துக்கு அனுப்புவது.

மூன்றாவது வழியின் பலவீனம் தொலைவு. 2008 நவம்பர் 26 இரவு மும்பையில் தாக்குதல் தொடங்கியபோது, இந்தியாவின் தேசியப் பாதுகாப்புப் படையான என்.எஸ்.ஜி. டெல்லிக்கு அருகிலுள்ள மானேசரில் இருந்தது. வீரர்களைத் திரட்டி, விமானம் ஏற்பாடு செய்து, மும்பையில் இறக்கி, தாக்குதல் நடக்கும் இடங்களுக்கு அழைத்து வருவதற்குள் மறுநாள் காலை ஆகிவிட்டது. அதுவரை நிலைமையைத் தாங்கியவர்கள் போதிய ஆயுதமும் கவசமும் இல்லாத மும்பைக் காவலர்களும், பின்னர் வந்து சேர்ந்த கடற்படைக் கமாண்டோக்களும்தாம். நவம்பர் 29 காலையில்தான் கடைசிக் கட்டடம் மீட்கப்பட்டது. 166 பேர் உயிரிழந்திருந்தனர். அடுத்த ஆண்டே மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத் ஆகிய நகரங்களில் என்.எஸ்.ஜி. மையங்கள் தொடங்கப்பட்டன. மகாராஷ்டிர அரசு ஃபோர்ஸ் ஒன் என்ற தனிப் படையையும் அமைத்தது. எவ்வளவு திறமையான அணியாக இருந்தாலும் அது வந்து சேரும் வரையிலான நேரத்தை யார் நிரப்புவது என்பதை மும்பை உலகுக்கே ஒரு கேள்வியாக வைத்துவிட்டுப் போனது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர்கள் அண்டைப் பகுதிக்காரர்களே.

மியூனிக்கில் தொடங்கிய பாடம்

இன்றைய ஐரோப்பிய அதிரடி அணிகளின் வரலாறு 1972 செப்டம்பரில் நடந்த மியூனிக் ஒலிம்பிக் துயரத்திலிருந்து தொடங்குகிறது. இஸ்ரேல் அணியைச் சேர்ந்த இருவரை முதலிலேயே கொன்றுவிட்டு, ஒன்பது பேரைப் பணயக் கைதிகளாகப் பிடித்தவர்களை, ஃபூர்ஸ்டென்ஃபெல்ட்புரூக் விமானத்தளத்தில் மடக்க, மியூனிக் இருக்கும் பவேரிய மாநிலத்தின் காவலர்கள் முயன்றனர். மேற்கு ஜெர்மனியில் காவல் பணி மாநிலங்களின் பொறுப்பு என்பதால், அந்த வேலைக்கென்று பயிற்சி பெறாத காவலர்களே அதைச் செய்ய வேண்டியிருந்தது. எட்டுப் பேர் இருந்த இடத்தில் அவர்களைக் குறிவைக்க நிறுத்தப்பட்டவர்கள் ஐவர் மட்டுமே. அந்த ஐவரிடமும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள ஒயர்லெஸ் கருவி இல்லை. உதவிக்கு வர வேண்டிய கவச வண்டிகள் போக்குவரத்து நெரிசலில் தாமதமாயின. பணயக் கைதிகள் ஒன்பது பேரும் ஒரு ஜெர்மன் காவலரும் அங்கே உயிரிழந்தனர். சில வாரங்களுக்குள் மேற்கு ஜெர்மனி ஜிஎஸ்ஜி-9 என்ற அணியை அமைத்தது. பிரான்ஸில் ஜிஐஜிஎன், ஆஸ்திரியாவில் கோப்ரா என்று அடுத்த சில ஆண்டுகளில் மற்ற நாடுகளும் தங்கள் அணிகளை உருவாக்கின.

அந்த அணிகள் தொடக்கத்திலிருந்தே ஒன்றையொன்று நாடின. 1977 அக்டோபரில் லுஃப்தான்சாவின் லாண்ட்ஸ்ஹூட் விமானம் கடத்தப்பட்டு சோமாலியாவின் மொகதிஷுவில் நின்றபோது, ஜிஎஸ்ஜி-9 வீரர்களோடு பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். படையைச் சேர்ந்த இருவரும் சென்றிருந்தனர். ஒளியாலும் ஓசையாலும் திகைக்க வைக்கும் கையெறி குண்டுகளைப் பற்றிய அனுபவம் அவர்களிடம் இருந்தது. கடத்தல்காரர்களின் கவனத்தைத் திருப்ப, விமானத்துக்கு முன்னால் சோமாலிய வீரர்கள் நெருப்பு மூட்டினார்கள். விமானி முன்பே கொல்லப்பட்டிருந்தார். மற்றப் பயணிகளும் பணியாளர்களும் உயிரோடு மீட்கப்பட்டனர். மூன்று நாடுகள் கைகோத்த அந்த இரவில், எல்லாம் அரசுகளின் உயர்மட்டத்தில் அவ்வப்போது பேசித்தான் முடிவு செய்யப்பட்டது. அன்று பேச நேரம் இருந்தது. எல்லாச் சம்பவங்களும் நாட்கணக்கில் காத்திருப்பதில்லை.

2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பின், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் சிறப்பு அணிகள் அட்லஸ் என்ற பிணையத்தை உருவாக்கிக்கொண்டன. ஆண்டுதோறும் சேர்ந்து பயிற்சி செய்வது, விமானம், பேருந்து, கப்பல், உயர்ந்த கட்டடம் என்று ஒவ்வொரு சூழலுக்கும் ஏற்ற முறைகளை ஆராய்ந்து பகிர்ந்துகொள்வது ஆகியவை அதன் வேலை. இந்த ஒத்துழைப்புக்குச் சட்ட அடிப்படை 2008 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியக் கவுன்சில் எடுத்த முடிவின் மூலம் கிடைத்தது. அதன் உள்ளடக்கத்தை அறிந்துகொண்டால் எந்த ஊரின் ஒப்பந்தத்தையும் புரிந்துகொள்ளலாம். ஒரு நாடு இன்னொரு நாட்டின் அணியை உதவிக்கு அழைக்கலாம். அழைக்கப்பட்ட நாடு ஏற்கலாம், மறுக்கலாம், வேறு வகை உதவியை முன்வைக்கலாம். வந்து சேரும் அணி, அழைத்த நாட்டின் பொறுப்பிலும் அதிகாரத்திலும் வழிகாட்டுதலிலும், அந்த நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டே செயல்படும். அதேவேளையில், தன் சொந்த நாட்டுச் சட்டம் தனக்குக் கொடுக்காத அதிகாரத்தை அங்கே போய் அது எடுத்துக்கொள்ள முடியாது. வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரையில், போக்குவரத்து, தங்குமிடம் உள்ளிட்ட செலவு அழைத்தவருடையது.

கட்டளை என்னும் மையப்புள்ளி

மேலே சொன்னவற்றில் 'அழைத்தவரின் வழிகாட்டுதலில்' என்ற பகுதியே எல்லாவற்றுக்கும் உயிர்நாடி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996ஆம் ஆண்டின் காவல் சட்டம், 24ஆம் பிரிவில், ஒரு படையிலிருந்து இன்னொரு படைக்கு உதவியாக அனுப்பப்படும் காவலர், உதவி பெறும் படையின் தலைமை அதிகாரியின் கட்டளைக்கு உட்பட்டவர் என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. இந்தியாவிலும் ஒரு மாநிலக் காவலரை இன்னொரு மாநிலத்தில் பணியமர்த்த 1888ஆம் ஆண்டின் காவல் சட்டத்திலிருந்தே வழி இருக்கிறது. சட்டம் தெளிவாக இருந்தாலும், சம்பவ இடத்தில் நிற்பவர்கள் அதை நடைமுறைப்படுத்தியிருக்க வேண்டும். அது நடக்காதபோது என்ன ஆகும் என்பதற்கு, டெக்சாஸின் உவால்டே ஊரை விடக் கொடிய எடுத்துக்காட்டு அண்மைக் காலத்தில் இல்லை.

2022 மே 24 அன்று அங்குள்ள ராப் தொடக்கப்பள்ளிக்குள் துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்தான். முதல் காவலர்கள் சில நிமிடங்களிலேயே உள்ளே வந்துவிட்டார்கள். அடுத்த ஒரு மணி நேரத்துக்கும் மேலாக உள்ளூர்க் காவல்துறை, பள்ளி மாவட்டத்தின் தனிக் காவல்துறை, மாநிலக் காவல்துறை, மத்திய எல்லைக் காவல் படை என்று பல அமைப்புகளிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். டெக்சாஸ் சட்டமன்றக் குழுவின் விசாரணை அறிக்கை அந்த எண்ணிக்கையை 376 என்று கணக்கிட்டது. அவர்களில் 149 பேர் எல்லைக் காவல் படையினர், 91 பேர் மாநிலக் காவல்துறையினர். கேடயமும் நீள்துப்பாக்கிகளும் வந்து சேர்ந்தன. ஆனாலும் முதல் காவலர்கள் உள்ளே வந்ததிலிருந்து 70 நிமிடங்களுக்கும் மேல் கழிந்த பிறகுதான், எல்லைக் காவல் படையின் அதிரடி அணியைச் சேர்ந்தவர்களை உள்ளடக்கிய ஒரு குழு வகுப்பறைக்குள் நுழைந்து அவனைச் சுட்டது. 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள்.

அந்த 376 பேரில் பலர் வேறு யாரோ கட்டளை அதிகாரியாக இருக்கிறார் என்று நினைத்திருந்தார்கள். பள்ளி மாவட்டம் எழுதி வைத்திருந்த திட்டப்படி அந்தப் பொறுப்பு பள்ளிக் காவல்துறையின் தலைவருக்கு உரியது. அவர் கையில் ஒயர்லெஸ் கருவி இல்லாமல், பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு காவலராக நின்றுகொண்டிருந்தார். அவரை விட அனுபவமும் வசதியும் மிக்க அமைப்புகளின் அதிகாரிகள் வந்த பிறகும், பொறுப்பை ஏற்றுக்கொள்ளவோ, யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து ஒழுங்குபடுத்தவோ யாரும் முன்வரவில்லை. கட்டடத்துக்கு வெளியே ஒரு கட்டளை மையம் கூட அமைக்கப்படவில்லை. வகுப்பறைக்குள்ளிருந்து குழந்தைகள் அவசர எண்ணை அழைத்துப் பேசிக்கொண்டிருந்தது, வாசலில் நின்றவர்களில் பலருக்குத் தெரியவில்லை. இந்தச் செய்தியை நான் எத்தனை முறை படித்தாலும் தாங்க முடிவதில்லை. உதவி வரவில்லை என்பது அங்கே பிரச்சினை அல்ல. வந்த உதவியை ஒரே கையாக மாற்றும் ஏற்பாடு இல்லை என்பதே பிரச்சினை.

இதற்கு எதிர்மாறான நிலையை 2017 ஜூன் 3 இரவு லண்டன் பாலம் அருகே காணலாம். கத்திகளோடு மூவர் மக்களைத் தாக்கத் தொடங்கியபோது, லண்டன் மாநகரக் காவல்துறை, லண்டன் சிட்டிக் காவல்துறை என்ற இரு வேறு அமைப்புகளின் ஆயுதக் காவலர்கள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்து, முதல் அழைப்பிலிருந்து பத்து நிமிடங்களுக்குள் மூவரையும் வீழ்த்தினர். இரு படைகளின் எல்லைகளும் அங்கே ஒட்டியிருக்கின்றன. பிரிட்டனின் ஆயுதக் காவலர்கள் எந்தப் படையைச் சேர்ந்தவர்களானாலும் ஒரே தேசியப் பாடத்திட்டத்தின்படி பயிற்சி பெறுகிறவர்கள். யார் எந்தச் சீருடை என்று பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை. அந்த நாட்டில் கட்டளை அடுக்குகளுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்: ஒட்டுமொத்த நோக்கத்தை வகுப்பவர் தங்கம், அதை அடையும் திட்டத்தைத் தீட்டுபவர் வெள்ளி, களத்தில் நிறைவேற்றுபவர் வெண்கலம். பதவியின் ஏற்றத்தாழ்வு அல்ல, செய்யும் வேலையே இங்கே அடுக்கைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் இதே தேவைக்குப் பயன்படும் சம்பவக் கட்டளை முறை, 1970களில் கலிஃபோர்னியாவின் காட்டுத்தீக்களை அணைக்கப் பல தீயணைப்புத் துறைகள் ஒன்றுசேர்ந்து தடுமாறியதிலிருந்து பிறந்தது. முதலில் வந்தவர் கட்டளையை ஏற்கிறார். தகுதியும் பொறுப்பும் கூடியவர் வந்ததும் முறைப்படி அறிவித்துக் கைமாற்றுகிறார். மாற்றத்தை எல்லோரும் ஒயர்லெஸ்ஸில் கேட்கிறார்கள். படிக்கும்போது மிகச் சாதாரணமாகத் தோன்றும் இந்த ஒழுங்குதான் உவால்டேயில் இல்லாமற்போனது.

எல்லைகள் நேரத்தைத் தின்னும் விதம்

நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று, ஓஸ்லோவில் குண்டு வெடித்த பிறகு, அதை வைத்த அதே ஆள் உடோயா தீவுக்குச் சென்று இளைஞர் முகாமில் இருந்தவர்களைச் சுட்டுக் கொன்றான். தீவு வேறொரு காவல் மாவட்டத்தைச் சேர்ந்தது. நாட்டின் அதிரடி அணியான டெல்டா ஓஸ்லோவிலிருந்து சாலை வழியாக விரைந்தது. ஓஸ்லோ காவல்துறை புதிய எண்ணிம ஒயர்லெஸ் பிணையத்துக்கு மாறியிருந்தது. உள்ளூர் மாவட்டம் இன்னும் மாறவில்லை. எனவே இரு தரப்பும் கைப்பேசிகளை நம்ப வேண்டியதாயிற்று. எங்கே சந்திப்பது என்பதில் குழப்பம் நேர்ந்து, தீவுக்கு நேர் எதிரே உள்ள படகுத்துறைக்குப் போகாமல் சில கிலோமீட்டர் தள்ளியிருந்த இடத்தில் கூடினார்கள். அங்கே கிடைத்த ஒரே ரப்பர் படகில் அளவுக்கு மீறி ஆட்களும் கருவிகளும் ஏறியதால் அதன் எந்திரம் நின்றுவிட்டது. பொதுமக்களின் படகுகளுக்கு மாறித்தான் தீவை அடைந்தார்கள். அங்கே 69 பேர் இறந்திருந்தனர். 2012இல் அறிக்கை அளித்த விசாரணை ஆணையம், இன்னும் விரைவாக அங்கே சென்றிருக்க முடியும் என்று வெளிப்படையாகச் சொன்னது.

டெல்டா வீரர்களின் துணிவையோ திறமையையோ அந்த அறிக்கை குறைசொல்லவில்லை. குறை, இரு மாவட்டங்கள் சந்திக்கும் தையலில் இருந்தது. அதனால்தான் ஒத்துழைப்பு ஒப்பந்தங்களில், வெளியாருக்கு அற்பமாகத் தெரியும் விவரங்களுக்குப் பல பக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. பொதுவான அலைவரிசை எது? அது கிடைக்காவிட்டால் மாற்று என்ன? வெளியிலிருந்து வரும் அணிகள் முதலில் எங்கே கூட வேண்டும், அவர்களை அங்கே வரவேற்று நிலவரம் சொல்பவர் யார்? ஒவ்வொரு துறையும் தனக்குள் பயன்படுத்தும் எண் குறியீடுகளைக் கைவிட்டு, பல துறைகள் கூடும் சம்பவங்களில் எளிய பேச்சு மொழியிலேயே ஒயர்லெஸ்ஸில் பேச வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசு வலியுறுத்துவது இதற்காகவே. ஒரே எண் ஓர் ஊரில் 'காவலருக்கு உதவி தேவை' என்றும் பக்கத்து ஊரில் வேறொன்றாகவும் பொருள்படலாம். கட்டடத்தின் பக்கங்களைக் குறிப்பதிலும் இதே சிக்கல் உண்டு. ஓர் அணி முன்பக்கத்தை எண்ணால் சொல்லும், இன்னோர் அணி எழுத்தாலோ நிறத்தாலோ சொல்லும். பின்பக்க ஜன்னலில் ஒருவன் தெரிகிறான் என்ற தகவல், கேட்பவருக்கு இடப்பக்க ஜன்னலாகப் புரிந்தால் விளைவு என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பிரான்ஸ் இந்தச் சிக்கலை வேறொரு கோணத்தில் எதிர்கொண்டது. அங்கே பெருநகரங்கள் தேசியக் காவல்துறையின் பொறுப்பு, ஊரகப் பகுதிகள் ஜாண்டார்மரி என்ற இராணுவ அமைப்பிலான காவல் படையின் பொறுப்பு; முன்னதன் அதிரடி அணிகள் ரெய்டும் பிஆர்ஐயும், பின்னதன் அணி ஜிஐஜிஎன். 2015 ஜனவரி 9 அன்று இரண்டு முற்றுகைகள் ஒரே நேரத்தில் நடந்தன. பாரிஸுக்கு வெளியே தம்மார்த்தான் என்ற ஊரின் அச்சகத்தில், சார்லி எப்டோ இதழின் அலுவலகத்தைத் தாக்கிவிட்டுத் தப்பிய சகோதரர்கள் இருவர் பதுங்கியிருந்தனர். பாரிஸின் விளிம்பில் ஒரு கடையில் அவர்களின் கூட்டாளி பணயக் கைதிகளை வைத்துக்கொண்டு, சகோதரர்களைத் தொட்டால் இவர்களைக் கொல்வேன் என்று மிரட்டினான். ஓரிடத்தில் தாக்குதல் தொடங்கினால் மற்றோர் இடத்தில் உயிர்கள் போகும். இரு வேறு அமைப்புகளின் அணிகள் மாலை ஏறக்குறைய ஐந்து மணிக்கு, சில நிமிட இடைவெளியில் இரு இடங்களிலும் நுழைந்தன. அதே ஆண்டு நவம்பர் 13 அன்று பாரிஸ் தாக்குதல்களில் 130 பேர் உயிரிழந்த பிறகு, எல்லைப் பிரிவினை மீண்டும் விவாதத்துக்கு வந்தது. 2016 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட தேசியத் தலையீட்டுத் திட்டம், அவசரச் சூழலில் எந்த அணி அருகில் இருக்கிறதோ அதுவே, யாருடைய பகுதி என்று பாராமல் செல்லலாம் என்று விதித்தது. நாட்டின் எந்த மூலைக்கும் 20 நிமிடங்களுக்குள் ஓர் அணி சென்றடைய வேண்டும் என்பதை இலக்காக வைத்தது.

அழையாமல் வருகிறவர்கள்

ஒத்துழைப்பின் இன்னொரு பக்கம் குறைவாகவே பேசப்படுகிறது. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பில் தொடர்புடையவர்களைத் தேடி வாட்டர்டவுன் என்ற சிறு நகரில் நடந்த வேட்டையில், சுற்றுப்புறமெங்கும் இருந்து காவலர்கள் ஒயர்லெஸ்ஸில் கேட்டவுடனே தாமாகவே வண்டியை எடுத்துக்கொண்டு வந்து குவிந்தார்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் நள்ளிரவில், அறிமுகமில்லாத தெருவில், ஒருவரையொருவர் அறியாதவர்கள் பல திசைகளிலிருந்தும் சுட்டார்கள். போக்குவரத்துக் காவல்துறையைச் சேர்ந்த ஒருவர் உயிருக்குப் போராடும் அளவுக்குக் காயமடைந்தார். அது பெரும்பாலும் சக காவலர் ஒருவரின் குண்டு என்று பின்னர் விசாரணையில் முடிவு செய்யப்பட்டது. திருடப்பட்ட வண்டி என்று தவறாக அறிவிக்கப்பட்ட மாநிலக் காவல்துறையின் வண்டியை நோக்கியும் ஒருவர் சுட்டார். அந்நிகழ்வைப் பற்றிய மதிப்பாய்வு, அழையாமல் வந்து சேர்ந்தவர்களைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு இல்லாததை முக்கியக் குறையாகக் குறிப்பிட்டது. ஆகவே நல்ல ஒப்பந்தம், யார் வர வேண்டும் என்பதோடு, அழைப்பு வரும்வரை யார் தம் இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதையும் சொல்லும்.

மறுபுறம், காத்திருக்கவே கூடாத சூழலும் உண்டு. 1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் முதலில் வந்த காவலர்கள், அக்கால நடைமுறைப்படி வளாகத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு அதிரடி அணிக்காகக் காத்திருந்தார்கள். பன்னிரண்டு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். அதன்பின் அமெரிக்கா முழுவதும் விதி மாறியது: துப்பாக்கிச் சூடு நடந்துகொண்டிருந்தால் முதலில் வந்தவர்களே, எந்தத் துறையினராக இருந்தாலும், சேர்ந்து உள்ளே போக வேண்டும். டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய அலர்ட் என்ற பயிற்சி மையம் இதற்கான பாடத்தை நாடெங்கும் கொண்டுசென்றது; 2013இல் எஃப்.பி.ஐ. அதைத் தேசிய அளவுகோலாக ஏற்றது. இதன் பொருள், பிராந்தியக் கூட்டுப் பயிற்சி அதிரடி அணிகளோடு நின்றுவிடக்கூடாது. எல்லையின் இருபுறமும் ரோந்து செல்லும் சாதாரணக் காவலர்களும் ஒன்றாகப் பயில வேண்டும். உவால்டே டெக்சாஸிலேயே நடந்தது என்பது, பாடத்தைப் படித்திருப்பது மட்டும் போதாது என்பதையும் காட்டுகிறது. சேர்ந்து பலமுறை செய்து பார்த்திருக்க வேண்டும்.

கூட்டுப் பயிற்சியின் பயன் துப்பாக்கி சுடுவதில் இல்லை. அதை ஒவ்வோர் அணியும் தனியே செய்துகொள்ளலாம். ஒரே பள்ளிக் கட்டடத்தில் மூன்று துறையினர் ஒத்திகை பார்க்கும்போதுதான், ஒருவரின் ஒயர்லெஸ் மற்றவரோடு இணையவில்லை என்பதும், ஒருவரின் கேடயம் அந்த வாசலில் நுழையாது என்பதும், இருவருமே தமக்குத்தான் கட்டளை என்று எண்ணியிருந்ததும் வெளிப்படுகின்றன. அதிகாரிகள் மட்டும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, கற்பனைச் சம்பவம் ஒன்றைப் படிப்படியாக விவாதிக்கும் ஒத்திகையும் உண்டு. அதற்குச் செலவு ஏறக்குறைய இல்லை. கட்டளைக் குழப்பங்களை வெளிக்கொண்டு வருவதில் அதற்கு இணையானது எதுவும் இல்லை என்றே சொல்வேன்.

பொறுப்பு யாருடையது?

பல துறைகள் சேர்ந்து ஓர் அணியாகும்போது, குடிமக்களின் பக்கமிருந்து ஒரு கேள்வி எழுகிறது: தவறு நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது? வீடு தவறிக் கதவு உடைக்கப்பட்டால் நட்டஈடு கொடுப்பவர் யார்? காயமடைந்த காவலர் வேறு ஊர்க்காரராக இருந்தால் அவருடைய மருத்துவச் செலவு யாருடையது? வந்த அணியின் சுடும் விதிமுறையும் அழைத்த ஊரின் விதிமுறையும் மாறுபட்டால் எது செல்லும்? இவற்றுக்கு ஒப்பந்தத்திலேயே விடை இருந்தாக வேண்டும். இரண்டில் எது கடுமையாகக் கட்டுப்படுத்துகிறதோ அதுவே செல்ல வேண்டும் என்பது என் கருத்து.

அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் (ஏ.சி.எல்.யூ.) 2014இல் வெளியிட்ட ஆய்வு, இருபது காவல் அமைப்புகளின் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஸ்வாட் நடவடிக்கைகளைப் பரிசீலித்தது. அவற்றில் 79 விழுக்காடு தேடுதல் ஆணையை நிறைவேற்றுவதற்காக, பெரும்பாலும் போதைப்பொருள் வழக்குகளில், நடத்தப்பட்டவை. பணயக் கைதிகள், ஆயுதத்தோடு உள்ளே பூட்டிக்கொண்டிருத்தல், துப்பாக்கிச் சூடு போன்ற, இந்த அணிகள் எதற்காகத் தோன்றினவோ அந்தச் சூழல்கள் ஏழு விழுக்காடு மட்டுமே. ஓர் அணி எளிதில் கிடைக்கிறது என்பதாலேயே அதை எல்லாவற்றுக்கும் அனுப்பும் பழக்கம் வந்துவிடுகிறது. கூட்டு அணிகளில், செலவைப் பலர் பகிர்ந்துகொள்வதால், அந்த ஆசை இன்னும் கூடும். ஆகவே எந்தெந்தச் சூழலுக்கு மட்டும் அணியை அழைக்கலாம் என்ற வரையறையும், ஒவ்வோர் அழைப்பையும் பதிவு செய்து பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் கடமையும் ஒப்பந்தத்தின் பாகமாக இருக்க வேண்டும்.

இது வெறும் கற்பனைக் கவலை அல்ல. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியில் பல நகரக் காவல்துறைகள் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பு ஒன்றிடம், அதன் ஸ்வாட் நடவடிக்கைகள் பற்றிய ஆவணங்களை அதே சங்கத்தின் மாநிலக் கிளை கேட்டபோது, தான் இலாப நோக்கற்ற தனியார் அமைப்பாகப் பதிவு செய்யப்பட்டிருப்பதால் பொது ஆவணச் சட்டம் தனக்குப் பொருந்தாது என்று அது பதிலளித்தது. உறுப்பினர்கள் அனைவரும் அரசு ஊதியம் பெறும் காவலர்கள். 2014இல் வழக்குத் தொடரப்பட்டது. அடுத்த ஆண்டு கூட்டமைப்பு ஆவணங்களைத் தர ஒப்புக்கொண்டது. இப்போது புதிதாகக் கூட்டு அணி அமைக்கும் எந்தப் பகுதியும், முதல் கையெழுத்துக்கு முன்பே, தன் பதிவேடுகள் எந்தச் சட்டத்தின் கீழ் யாருக்குத் திறந்திருக்கும் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு தனிப் பிரிவாக எழுதிவிட முடியும்.